பைப்பில் கட்டிய மஞ்சள் துணி

ரூ பிலிப்-து-ஜிரார், பாரிஸ்
14 தை 2012

அன்பின் அக்கா,

தம்பி வின்சன்ற் எழுதுகிறேன். இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் அத்தானுக்கும், என் பேர்ளிக்கும் பிள்ளைக்கும் மடு மாதா சுகத்தைத் தரட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். நத்தார்ப் பெருநாளுக்கு அனுப்பிய கருவாடு வந்தது. யோகநாதன் சட்டியில் போட்ட உடனே கீழ்ப் புடவைக்கடைக்காரர் மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். "என்ன கோதாரியடா இது, ஆரும் செத்துக் கிடக்கிறியளோ?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டவர், இரண்டு துண்டு தின்றுவிட்டுத்தான் போனார். யோகநாதனைத் தெரியும்தானே? வரும் வழியில் உக்ரைன் காட்டில் கால் முறிந்தபோது நான் முதுகில் சுமந்த கிளிநொச்சிப் பொடியன். இன்றும் ஒரே அறையில்தான் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லோரும் சுற்றி நிற்பதால் உங்களோடு ஒன்றும் கதைக்க முடிவதில்லை. என் வேலையைப் பற்றி விபரமாக எழுதச் சொன்னீர்கள். பத்தினுவார் என்பது ஒரு பெரிய மண்டபம். உள்ளே தரை முழுக்க ஐஸ். கத்தி பூட்டிய சப்பாத்தோடு சனம் அதில் சறுக்கி ஓடும். நாங்கள் பேசாலையில் மீனுக்குப் போட்ட அதே ஐஸ்தான், இங்கே அதன்மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடுகின்றன. நான் வண்டியில் இருந்து ஐஸை மழித்து, சுடுதண்ணீர் விட்டு மினுக்குவேன். பின்னால் இருக்கும் மெசின் அறையும் என் பொறுப்புத்தான். அத்தானின் ஐஸ் பக்டரியில் நாலு வருசம் நின்றது வீண்போகவில்லை.

மண்டபம் நாற்பது வருசப் பழசு. கூரை ஒழுகுகிறது. பதினொரு வாளி வைத்திருக்கிறேன். கதிரைகளில் பாதிக்கு முதுகு இல்லை. இப்போதுதான் நகரசபைக்குக் கண் திறந்திருக்கிறது. எதை முதலில் திருத்துவது, எதைப் புதிதாகப் போடுவது என்று திட்டம் போடுகிறார்கள். மண்டபத்தை நடத்தும் மதாம் ஜெனவியேவ் நல்ல மனுசி. துடைக்கிறவனில் இருந்து எல்லோரையும் கூப்பிட்டு, உடைந்ததெல்லாம் சொல்லச் சொன்னாள். மெசின் அறையில் ஒரு மணம் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

நான் வண்டியில் இருக்கும் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், மகள் பிரியதர்சினிக்குக் கொடுங்கள். கடிதத்தை வழமைபோல யோகநாதனின் பேருக்கே போடுங்கள். தபால்பெட்டியில் அவன் பேர்தான் இருக்கிறது. பனி கூடத் தொடங்கிவிட்டது, கை விறைக்கிறது, நிறுத்துகிறேன்.

உங்கள் தம்பி
வின்சன்ற்


பேசாலை
6 மாசி 2012

தம்பி வின்சன்றுக்கு,

அக்கா அற்புதராணி. நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்குக் கண் அப்படியேதான், வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. எனக்கு முழங்கால் பிடிக்கிறது. உன் இருமலுக்கு வேர்க்கொம்பு அவித்துக் குடி.

நீ இரண்டு பக்கம் எழுதியதில் நான் வாசித்தது ஒரு வரி. "மணம் இருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை." டேய், விசரா, இதே பெரிதாக ஒன்றுமில்லையைத்தான் உன் அத்தானும் பத்து நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். பதினோராம் நாள் அமோனியாப் பைப் வெடித்து, மனுசனை மீன் வண்டிலில் போட்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு உருட்டினேன். வழி முழுக்க அவரின் கண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நீயும் கூடத்தானே ஓடி வந்தாய். மறந்துபோச்சோ?

கடிதத்தை அவருக்கு வாசித்தேன். படுத்திருந்தவர் எழும்பிவிட்டார். "அவனிட்டைச் சொல்லு. வெள்ளைத் துணியைக் கிழிச்சு, மஞ்சளைக் குழைச்சுப் பூசி, ஈரத்தோடை பைப் பொருத்துகளிலை கட்டட்டும். அமோனியா ஒழுகினா மஞ்சள் குங்குமமாச் சிவக்கும். மூக்குப் பழகிப் போகும், மஞ்சள் பழகாது" என்றார். நாளைக்கே கட்டு. லா சப்பல் தமிழ்க் கடைகளில் மஞ்சள் இல்லாமலா?

பேர்ளி உன்னிடம் கேட்கச் சொன்னதை எழுதுகிறேன். நீ போகும்போது பிரியாவுக்கு நாலு வயது, இப்போது பத்து. வதிவிடக் காட் எப்போது வரும், எப்போது கூப்பிடுவாய்? அவள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். காட் இல்லாத உனக்கு நகரசபை மண்டபத்தில் மூன்று வருசமாக யார் வேலை தந்தது?

பதில் உடனே வரவேண்டும்.
அக்கா


பாரிஸ்
3 பங்குனி 2012

அன்பின் அக்கா,

உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். இருமல் குறைந்துவிட்டது. அத்தானுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அவர் சொன்னபடியே செய்தேன். மெற்றோ பாலத்துக்குக் கீழே உள்ள கடையில் மஞ்சள் வாங்கினேன். பழைய வேட்டியைக் கிழித்து ஒன்பது இடத்தில் கட்டினேன். மறுநாள் காலை எட்டுத் துணி மஞ்சளாகத்தான் இருந்தது. மூன்றாவது பைப் முழங்கைபோல வளையும் இடத்தில் கட்டிய துணி சிவந்திருந்தது. உறையைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்தேன். துரு தோல் தோலாகக் கையோடு வந்தது.

மெசின்களைப் பார்ப்பது நகரசபை இல்லை, ஒரு கொம்பனி. என் முதலாளி அந்தக் கொம்பனிக்காரன். அவனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இது என்ன, உன் சாமிக்குக் கட்டியதா?" என்று சிரித்தான். நான் "அமோனியா, அமோனியா" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்தினேன். "சரி, பார்ப்போம். மெசின் புத்தகத்தில் எழுதாதே" என்றான்.

பிறகு மதாம் ஜெனவியேவ் எட்டிப் பார்த்தாள். துணிகளைக் கண்டு, "உங்கள் நாட்டு வழிபாடா? அழகாக இருக்கிறது" என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். நான் கத்தோலிக்க வேதக்காரன், இது கும்பிடக் கட்டிய துணி இல்லை என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை.

பேர்ளியிடம் சொல்லுங்கள், எல்லாம் நடக்கிறது. பிரியாவைக் கணக்கு வகுப்புக்கு விடுங்கள்.

அன்புத் தம்பி
வின்சன்ற்


பேசாலை
30 பங்குனி 2012

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். தைலம் வந்தது. அதைப் பூசினால் முழங்கால் நோ போகும், நீ பூசி மெழுகுவது எனக்குப் போகவில்லை.

நான் கேட்டதைத் தவிர எல்லாம் எழுதியிருக்கிறாய். நேற்றுப் பிரியா உன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "மாமி, அப்பான்ரை சட்டையிலை யோகநாதன் எண்டு இங்கிலிஸிலை கிடக்குது, ஏன்?" என்று கேட்டது. சட்டை மாறிப் போட்டுக்கொண்டு போயிருப்பார் என்றேன். பிள்ளை நம்பிவிட்டது. பேர்ளி நம்பவில்லை. சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

இந்தமுறை தைலம் வேண்டாம், உண்மையை அனுப்பு.
அற்புதராணி


பாரிஸ்
22 சித்திரை 2012

அன்பின் அக்கா,

நீங்கள் இதை வாசிக்கும்போது பேர்ளி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நான் சுகம்.

என் அகதிக் கேசை இரண்டு தரம் தள்ளிவிட்டார்கள். அது 2008இல். உங்களுக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. யோகநாதனுக்குக் கிடைத்தது. அவன்தான் தன் வதிவிடக் காட்டை என் கையில் வைத்து, "அண்ணை, நீங்கள் சுமந்த கால்தானே நடக்குது. இதை வைச்சு வேலை தேடுங்கோ" என்றான். ஆறு மாதத்துக்கென்று வாங்கினேன். இரண்டு பேருக்கும் ஒரே தாடி, ஒரே கறுப்பு. இங்குள்ளவர்களுக்கு அது போதும். அவன் ரெஸ்ரோறன் குசினியில் பதிவில்லாமல் வேலை செய்கிறான். நான் அவன் பேரில் ஐஸ் மழிக்கிறேன். மூன்று வருசமாக வேலையிடத்தில் ஒருவரும் என்னை வின்சன்ற் என்று கூப்பிட்டதில்லை. சிலவேளை ஞாயிறு பூசையில் பாதர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மறந்துபோகிறேன்.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. யோகநாதன் என்ற பேரில் வேலை செய்த ஆளும் வின்சன்ற் என்ற ஆளும் ஒரே ஆள்தான் என்று முதலாளி ஒரு கடதாசி எழுதித் தந்தால், அதைக் கொண்டுபோய் என் சொந்தப் பேரில் காட் கேட்கலாம். கிடைத்தால் பேர்ளியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். யோகநாதனுக்கும் கரைச்சல் வரலாம், ஆனால் அவன் பறவாயில்லை என்கிறான். முதலாளியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

எழுதித் தருகிறானாம். ஆனால் ஆனி மாதம் நகரசபைக் கூட்டத்தில் திருத்த வேலைத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு. அதுவரை அந்தப் பைப்பைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கக்கூடாது. பைப்பைக் கவனிக்காமல் விட்டது கொம்பனியின் பிழை. தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும்.

துணி இப்போது இரண்டு நாளில் சிவக்கிறது. நான் என்ன செய்ய, அக்கா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

வின்சன்ற்


பேசாலை
14 வைகாசி 2012

தம்பி,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவும் மனம் வரவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பேரைக் கழற்றிவைத்துவிட்டு மூன்று வருசம் இருந்திருக்கிறாய், எனக்கு ஒரு சொல் இல்லை.

திட்டி முடித்துவிட்டேன். இனிக் கேள். பேர்ளியிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு அந்தக் கடதாசி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். போன கிழமை இஞ்சை ஆமிக்காரர் வீடு வீடாக வந்து ஆண் துணை இல்லாத வீடுகளை எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு குருட்டு மனுசனும் மூன்று பெண்களும். அதையும் எழுதினார்கள். பிரியா இப்போது பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போவதில்லை.

அத்தானுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை. அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

நாற்பது வருசம் நின்ற பைப் இன்னும் இரண்டு மாதம் நிற்கும். மூன்று வருசம் பேரில்லாமல் இருந்தவனுக்கு இரண்டு மாதம் வாயில்லாமல் இருக்க ஏலாதோ? கடதாசி கைக்கு வரட்டும், அடுத்த நாளே சொல்லு. அதுவரை வாயை மூடிக்கொண்டிரு. துணியை மட்டும் கட்டு.

உனக்காக மடுவுக்கு நேர்ந்திருக்கிறேன்.
அக்கா


பாரிஸ்
24 ஆனி 2012

அன்பின் அக்கா,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு நித்திரை குறைவு. மற்றும்படி நலம்.

கூட்டம் முடிந்தது. அறுபது பேர் வரையில் வந்திருந்தார்கள். சுவரில் திட்டத்தின் படம். சிவப்புக் கதிரை, புது லைற், புதுக் கூரை, உடுப்பு மாற்றும் அறை. மெசின் அறை கடைசிப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தது. தாய் தகப்பன்மார் கதிரை கேட்டார்கள், ஹொக்கிக்காரர் உடுப்பு அறை கேட்டார்கள். ஒருவருக்கும் மற்றவர் சொல்வது காதில் விழவில்லை.

மதாம் ஜெனவியேவ் எழும்பி, "மெசினோடு நாள் முழுக்க நிற்பவரைக் கேட்போம்" என்று என்னைப் பார்த்தாள். "யோகநாதன், நீங்கள் சொல்லுங்கள். எதை முதலில் திருத்த வேண்டும்?"

அக்கா, என் சட்டைப் பைக்குள் அன்று காலை கழற்றிய சிவந்த துணி இருந்தது. முதலாளி தன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழும்பி, "கதிரை" என்றேன்.

கை தட்டினார்கள்.

வாக்கெடுப்பில் கதிரையும் லைற்றும் கூரையும் இந்த வருசம். மெசின் 2014இல். கடதாசி கேட்டேன். ஆவணி முழுக்க கொம்பனி பூட்டு, புரட்டாதியில் வா என்கிறான்.

மெசின் புத்தகத்தில் எழுத விடாததால் இங்கே எழுதிவைக்கிறேன். மாசி 29, பங்குனி 12, சித்திரை 5, வைகாசி 21, ஆனி 4. இந்த ஐந்து நாளும் முதலாளிக்குத் துணியைக் காட்டிச் சொன்னேன். ஆனி 4இல், "உனக்குக் காட் வேண்டுமா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்டான். கடிதத்தை எறிந்துவிடாதீர்கள்.

பேர்ளியைப் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

தம்பி
வின்சன்ற்


பாரிஸ்
4 ஐப்பசி 2012

அன்பின் அக்கா,

சுகம்தானே? பேர்ளியும் பிரியாவும் பாஸ்போட்டுக்கு எடுத்த படங்கள் வந்தன. பிள்ளைக்கு என் மூக்கு. கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன்.

கடதாசி இன்னும் இல்லை. வேலை முழுக்க முடிந்தபிறகு எழுதுகிறானாம். முடிய வருசம் ஆகும். மண்டபத்தைப் பூட்டாமல் ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் திருத்த வேலை. கதிரைக்குத் துளை போடும் மெசின் ஓடும்போது என் பைப்புகள் குளிரில் பல்லு அடிப்பதுபோல் அடிக்கின்றன. துணி இப்போது ஒரு மணித்தியாலத்தில் சிவக்கிறது.

போதும், அக்கா. மதாம் ஜெனவியேவ் லீவில் நிற்கிறாள், வருகிற புதன்கிழமை வருவாள். வந்ததும் சொல்லிவிடுவேன். காட் போனால் போகட்டும். பேர்ளி என்னைத் திட்டட்டும், நீங்கள் அவளைச் சமாளியுங்கள்.

அத்தானிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். பைப் திடீரென்று விட்டால் எந்த வால்வை முதலில் பூட்ட வேண்டும்?

வின்சன்ற்


பாரிஸ்
28 ஐப்பசி 2012

அற்புதராணி அக்காவுக்கு,

யோகநாதன் எழுதுகிறேன். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. போனில் நான் அழுததில் உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பேர்ளி அக்கா சொன்னா. நடந்ததை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டீர்களாம்.

ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். ஐஸில் ஒரு வகுப்புப் பிள்ளைகள், இருபத்துமூன்று பேர். சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது மூன்றாவது பைப் உடைந்தது. வெள்ளைப் புகை வந்ததும் அண்ணை பிள்ளைகளைக் கத்திக் கலைத்து, கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். பிறகு துவாயை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். இதை அந்த வகுப்பு ரீச்சர் சொன்னா. தீயணைப்புக்காரர் போனபோது வால்வு பூட்டியிருந்தது. கை அதன்மேல் இருந்தது. பிள்ளைகள் எல்லாம் தப்பிவிட்டன.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும். சட்டைப் பையில் இருந்தது என் காட். அதனால் செத்தது யோகநாதன். எனக்கு இங்கே சொந்தம் ஒருவரும் இல்லை என்று என் பதிவில் இருந்ததால் கொம்பனியே எல்லாம் செய்தது. சைவப் பேர் என்பதால் ஐயர் ஒருவரைப் பிடித்து, தேவாரம் பாடி, எரித்துவிட்டார்கள். நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே போய், இது வின்சன்ற், இவர் வேதக்காரர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணையின் செபமாலை இப்போதும் என் காற்சட்டைப் பையில்தான் இருக்கிறது.

விசாரணையில் முதலாளி சொன்னது இது. யோகநாதன் ஒருநாளும் பைப்பைப் பற்றி முறையிடவில்லை. மெசின் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பிழையான வால்வைத் திறந்துவிட்டான். படிப்பில்லாதவன், மெசினைப் பார்க்காமல் பைப்புகளுக்குச் சாமித் துணி கட்டிக்கொண்டிருந்தவன்.

நான் வாய் திறந்தால் காட்டைப் பறித்துத் திருப்பி அனுப்புவார்கள். கிளிநொச்சியில் என்னைத் தேடி வருகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

யோகநாதன்


பேசாலை
3 மார்கழி 2012

தம்பி யோகநாதனுக்கு,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன்னில் கோபம் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

வின்சன்றின் கடைசிக் கடிதம் அவனுடைய எட்டாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் கிடந்தது. எந்த வால்வை முதலில் பூட்டுவது என்று அத்தானிடம் கேட்டிருந்தான். வாசித்துக் காட்டினேன். மனுசன் "ஒண்டையும் பூட்டாதை, வெளியிலை ஓடு எண்டு எழுது" என்றார். இதை யாருக்கு எழுத? உனக்கு எழுதுகிறேன்.

எரித்துவிட்டீர்கள். அதற்கு நான் இனி என்ன செய்ய? பேர்ளி கறுப்பு உடுத்திருக்கிறாள், ஆனால் அரசாங்கக் கச்சேரிப் பதிவுப் புத்தகத்தில் அவள் புருசன் பிரான்சில் உயிரோடு இருக்கிறான். பிரியா பள்ளிக்கூடத்தில் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லப் பயப்படுகிறது. அதற்குக் கடதாசி கேட்பார்களாம்.

அவன் எனக்கு எழுதிய ஐந்து கடிதங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். எந்தத் துணி எந்தப் பைப்பில் சிவந்தது, எந்தத் திகதியில் யாரிடம் சொன்னான், எல்லாம் அதில் இருக்கிறது. அவன் பெட்டிக்குள் நான் எழுதிய மூன்று கடிதம் இருக்கும். வைகாசிக் கடிதத்தையும் எடு. நான்தான் அவனை வாயை மூடச் சொன்னேன். அதையும் மறைக்காமல் எட்டையும் கொண்டுபோய் நீதிபதியிடம் கொடு. கொடுத்துவிட்டு, செத்தவன் வின்சன்ற், யோகநாதன் நான் என்று சொல்லு.

பயம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் பயமாக இருந்தது, அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. பயந்த நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் அவனைக் கொன்றோம். உன்னை நான் கட்டாயப்படுத்த முடியாது. கெஞ்சவும் மாட்டேன்.

உடம்பைப் பார்.
அற்புதராணி


பாரிஸ்
22 ஆனி 2014

அன்பின் அக்காவுக்கு,

ஒன்றரை வருசம் பதில் போடாமல் இருந்தேன். அத்தான், பேர்ளி அக்கா, பிள்ளை எல்லோரும் சுகம் என்று மன்னாரில் இருந்து வந்த ஒருவர் சொன்னார். நான் உயிரோடு இருக்கிறேன். இதை எழுதவே ஒருமாதிரியாக இருக்கிறது.

உங்கள் கடிதக் கட்டு பதின்மூன்று மாதம் என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. செத்தவன் என்று பதிந்த பேரோடு டொக்ரரிடமும் போக முடியாது, வேலைக்கும் போக முடியாது. அதற்காக நான் மனம் மாறினேன் என்று நினைக்காதீர்கள். போன தையில் பத்தினுவார் புதிதாகத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சிவப்புக் கதிரைகள் நன்றாகத்தான் இருந்தன. புது மெசினும் போட்டுவிட்டார்கள். பின்வளவில் பழைய பைப்புகள் குவிந்துகிடந்தன. ஒன்றில் அண்ணையின் வேட்டித் துண்டு இன்னும் இறுக்கிக் கட்டியபடி இருந்தது. அவிழ்க்கப் பார்த்தேன், முடிச்சு விடவில்லை. அப்படியே மதாம் ஜெனவியேவின் அறைக்குப் போனேன்.

கடிதங்களைப் புதுச்சேரிக்கார அம்மா ஒருவர் பிரெஞ்சில் சொன்னார். மஞ்சள் துணி எதற்கென்று விளங்கியதும் மதாம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் கும்பிடுகிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள்தான் என்னை நீதிபதியிடம் கூட்டிப்போனாள். நான் யார், அவர் யார் என்று சொல்லிவிட்டேன்.

நல்ல செய்தி இதோடு இருக்கிறது. மரணப் பத்திரத்தைத் திருத்திவிட்டார்கள். பேர்ளி அக்காவிடம் கொடுங்கள். சாம்பல் வைத்த இடத்தில் பேரை மாற்றி, பாதர் வந்து மந்திரித்தார். செபமாலையை அங்கே வைத்துவிட்டேன்.

மற்றதை எப்படி எழுத? கொம்பனியின் வக்கீல் அந்த எட்டுக் கடிதங்களையும் கையில் எடுத்துக்கொண்டான். முதலாளியிடம் சொன்னதற்கு வின்சன்றுடைய சொல்லைத் தவிரச் சாட்சி இல்லை என்றான். ஆனால் இவருக்கு ஆபத்துத் தெரியும் என்பதற்கு இவர் கையெழுத்தே சாட்சி என்றான். அறுபது பேருக்கு முன்னால் கேட்டபோது தன் காட்டுக்காகக் கதிரை என்று சொன்னவர் என்றான். உங்கள் வைகாசிக் கடிதத்தை அந்த அம்மா வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. வக்கீல் சத்தமாக வாசிக்கச் சொன்னான். வழக்கை மூடிவிட்டார்கள். முன்பு பிழை யோகநாதனுடையது என்று எழுதியிருந்தது. இப்போது வின்சன்ற் என்று எழுதியிருக்கிறது.

நீதிபதி கொப்பி எடுத்துக்கொண்டு தந்த கடிதங்களைத் திருப்பி அனுப்புகிறேன். என் காட்டைப் பறித்துவிட்டார்கள், நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடதாசியும் தந்துவிட்டார்கள். இந்த மாதம் முடிய இந்த அறையில் இருக்கமாட்டேன். எழுதுவதென்றால் மதாம் ஜெனவியேவின் பேருக்கு எழுதுங்கள்.

யோகநாதன்


பேசாலை
20 ஆடி 2014

தம்பி யோகநாதனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ பிடிபடாமல் இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்கிறேன். நீ போய்ச் சொன்னாய். அதற்கு மேல் உன்னிடம் எனக்கு ஒரு கணக்கும் இல்லை.

மரணப் பத்திரம் வந்தது. பேர்ளி பேரில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தாள். கச்சேரியில் பதிந்தாகிவிட்டது. பிரியா அதில் ஒரு கொப்பி எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்திருக்கிறது.

அத்தானுக்கு என் வைகாசிக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு வருசம் மறைத்தது. முடியும்வரை கேட்டார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்குவார்.

உன்னிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்தப் புதுச்சேரிக்கார அம்மாவைப் பிடித்து, பிரெஞ்சில் ஒரு கடதாசி எழுதுவித்து நீதிபதிக்குக் கொடு. வழக்கை மூடியிருந்தாலும் கொடு. பிழை வின்சன்றுடையது என்று எழுதிய இடத்தில் என் பேரையும் எழுதச் சொல்லு. அவன் என்ன செய்ய என்று கேட்டான், நான் சொன்னேன், அவன் செய்தான். என் கையெழுத்தின் கொப்பி அவர்களிடம் இருக்கிறது.

அற்புதராணி. புருசன் பேர் பத்திநாதர். பெண். வயது ஐம்பத்தொன்று. எட்டாம் வட்டாரம், பேசாலை, மன்னார்.

பேரை மாறி எழுதிவிட வேண்டாம் என்று சொல்லு.

அக்கா